பள்ளிக்கு நிதி வேண்டும், சரி. அதற்கு டீச்சர் பர்கர் விற்கணுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு ஒரு பர்கர் கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். டேர்முக்கு ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்து முதல் எட்டு வரை, ஆசிரியர்கள் அந்தக் கடையின் ஏப்ரனும் தொப்பியும் மாட்டிக்கொண்டு கவுன்டரில் நிற்க வேண்டும். அன்றைய மாலை விற்பனையில் 15 சதவீதம் பள்ளிக்கு. பதிலுக்கு ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் கடையின் துண்டுச் சீட்டு போகும், நெட்பால் சட்டையில் கடையின் சின்னம் இருக்கும். அடுத்த வாரம் நிர்வாகக் குழுவில் ஓட்டெடுப்பு. இவரும் அந்தக் குழுவில் ஒருவர். வீட்டுக்காரர் "காசு எங்கிருந்து வந்தா என்ன, கூரை ஒழுகுதே" என்கிறாராம். இவருக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

வேண்டாம் என்றே ஓட்டுப் போடுங்கள். ஆனால் "பர்கர் உடம்புக்குக் கெடுதல்" என்று மட்டும் கூட்டத்தில் எழுந்து சொன்னால் ஒரே நிமிடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். "போன மாசம் பிரியாணி வித்தோமே, அதென்ன சாலட்டா?" என்று யாராவது கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். அதனால் பணத்திலிருந்து ஆரம்பிப்போம். நான் டர்பனுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது, தொழில் கணக்கு எழுதுவது. என் பிள்ளைகள் படித்த பள்ளியில் மூன்று வருடத் தவணை இரண்டு, ஆக ஆறு வருடம் நிர்வாகக் குழுவில் பொருளாளராக இருந்தேன். இப்படிப்பட்ட ஒரு ஒப்பந்தத்தில் நானே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் பக்கத்து நியாயம். பள்ளி கையேந்துவது பேராசையால் இல்லை. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், 36-ஆம் பிரிவில், அரசு தருவது போக மீதியைத் திரட்ட நிர்வாகக் குழு தன்னால் ஆன எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. அதாவது நிதி திரட்டுவது நம் மீது சட்டம் வைத்த வேலை. அரசு எவ்வளவு தருகிறது? பள்ளிகளை ஐந்து குவின்டைலாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மூன்றும் ஏழைப் பகுதிப் பள்ளிகள், அங்கே கட்டணம் கிடையாது. 2023-க்கான தேசிய இலக்குப்படி அங்கே ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 1,602 ரேண்ட். நான்காம் குவின்டைலுக்கு 803. ஐந்தாவதுக்கு வெறும் 277. நம் குவாசூலு-நட்டால் மாகாணமோ இந்த இலக்கையே முழுசாக எட்டுவதில்லை.

இதில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. குவின்டைலை முடிவு செய்வது பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வருமானம், படிப்பு, வேலையின்மை ஆகியவற்றின் கணக்கு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டு நிலைமை அதில் வராது. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல பள்ளிகள் நான்கிலோ ஐந்திலோ இருக்கின்றன. அங்கே படிக்க வரும் பிள்ளைகளில் பலர் ஏழைகள் அதிகம் வாழும் உம்லாசியிலிருந்தும் பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்தும் டாக்ஸி (பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) பிடித்து வருகிறார்கள். கட்டணம் கட்ட முடியாத பெற்றோருக்குச் சட்டம் விலக்குத் தருகிறது, தரவும் வேண்டும். ஆனால் அந்த ஓட்டையை அடைக்க அரசு பணம் தருவது அபூர்வம். காகிதத்தில் வசதியான பள்ளி, கையில் காசில்லாத பள்ளி. அரசு ஒதுக்கிய ஆசிரியர் போதாமல் கூடுதலாக வைக்கும் ஆளுக்கு நிர்வாகக் குழுதான் சம்பளம் தர வேண்டும். எங்கள் பள்ளியில் அப்படி நாங்கள் தேடியது, வாரத்தில் மூன்று நாள் வரும் தமிழ் டீச்சருக்கான சம்பளம். ஆகவே பர்கர் ஆள் கதவைத் தட்டியபோது நானும் சந்தோஷமாகத்தான் திறந்தேன்.

அந்த மாலையைச் சொல்கிறேன். கடை ஒரு ஷாப்பிங் சென்டரில். எங்கள் கணக்கு டீச்சர், வகுப்பில் அவர் திரும்பிப் பார்த்தாலே பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், சிவப்புத் தொப்பியும் ஏப்ரனும் போட்டு "சிப்ஸ் பெரிசாக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குக் குஷி தாங்கவில்லை. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. எந்தப் பெற்றோர் தன் பிள்ளையின் டீச்சரிடம் "வேண்டாம், சின்னதே போதும்" என்று சொல்வார்? யாரும் சொல்லவில்லை. மூன்று பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டாக்ஸியில் வந்த ஒரு பாட்டி, பர்சைத் திறந்து காசை எண்ணி எண்ணி வைத்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

வரிசையை வைத்துப் பார்த்தால் மாலை விற்பனை 14,000 ரேண்டாவது இருக்கும் என்று மனக்கணக்கு போட்டேன், நமக்கு 2,100 வரும். இரண்டரை மாதம் கழித்து வந்தது 1,389 ரேண்ட். ஏன் என்று கேட்டேன். துண்டுச் சீட்டைக் கவுன்டரில் கொடுத்தவர்களின் பில் மட்டும்தான் கணக்கில் வருமாம். டெலிவரி ஆர்டர் சேராது. சலுகை விலை காம்போ சேராது. பாட்டி சீட்டைக் கொண்டு வரவில்லை, அவர் கொடுத்ததும் சேரவில்லை. எல்லாம் ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. கணக்கு எழுதிப் பிழைக்கிற நான்தான் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

ஆனால் என் மனசை மாற்றியது அந்தத் தொகை இல்லை. மறுநாள் காலை ஏதோ கையெழுத்து வாங்க மூன்றாம் வகுப்புக்குப் போனேன். முந்தின மாலை கடைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள், 'என் பள்ளிக்கு நான் உதவினேன்' என்கிற மாதிரி. பாதிப் பிள்ளைகள் அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. மீதிப் பாதியின் சட்டை வெறுமனே இருந்தது. எந்தெந்த வீட்டில் நேற்று இரவு காசில்லை என்று வகுப்பறையில் வரிசையாக எழுதி வைத்தது போல. கட்டண விலக்குக் கேட்பவர்களின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று அந்தத் தாள்களை நான் பூட்டி வைப்பேன். ஒரு ஸ்டிக்கர் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு குடும்பம் 200 ரேண்டுக்குச் சாப்பிட்டால், எந்தக் கழிவும் இல்லாவிட்டாலும் பள்ளிக்கு 30. மீதி 170 கடைக்கு. கம்பெனி பள்ளிக்குக் கொடுக்கிறது என்று சொல்வதே சரியில்லை. பெற்றோர் பணம்தான் சுற்றி வளைத்து, வழியில் பெரும்பங்கை இழந்துவிட்டு, பள்ளிக்கு வருகிறது. அதே பள்ளியில் 'சிவீஸ் டே' வைத்தோம். யூனிஃபார்ம் இல்லாமல் கலர் டிரஸ் போட்டு வரலாம், ஆளுக்கு 5 ரேண்ட், முடியாதவர்கள் கொடுக்காமலும் போட்டு வரலாம். ஒரே காலையில் 3,000 ரேண்டுக்குக் கொஞ்சம் மேல் வந்தது. செலவு ஒன்றும் இல்லை.

பிரியாணிக்கு வருவோம். டர்பனில் கோயிலாக இருந்தாலும் பள்ளியாக இருந்தாலும் பணம் வேண்டுமென்றால் முதலில் அண்டாவைத்தான் தேடுவோம். நாங்கள் ஒரு சனிக்கிழமை 500 டப்பா, ஒன்று 70 ரேண்ட் என்று விற்றோம். வரவு 35,000. கோழி, அரிசி, பருப்பு, எண்ணெய், டப்பா எல்லாம் போக பள்ளிக்கு 16,000 சொச்சம் நின்றது. சமைத்தவர்கள் விடிய விடிய நின்றார்கள், அந்த உழைப்புக்கு யாரும் விலை போடவில்லை. நெய்யும் உருளைக்கிழங்கும் மிதக்கிற அந்தப் பிரியாணி பர்கரைவிட உடம்புக்கு நல்லது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த அண்டாவுக்கு விளம்பரம் கிடையாது. திங்கட்கிழமை அது பிள்ளையைத் திரும்பக் கூப்பிடாது. பர்கர் கடை கூப்பிடும். அதற்காகத்தான் அது அந்த 15 சதவீதத்தைக் கொடுக்கிறது.

இந்த வியாபாரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அமெரிக்காதான் பழைய ஆய்வுக்கூடம். ஃப்ளோரிடாவின் செமினோல் கவுன்டியில் 2007-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையை வைத்துக் கொடுக்கும் உறையில் மெக்டொனால்ட்ஸின் கோமாளி படம் வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கினால் ஹேப்பி மீல் இலவசம். அந்த உறைகளை அச்சடிக்க ஆன செலவு சுமார் 1,600 டாலர், பிள்ளைகள் ஏறக்குறைய 27,000. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஆறு சென்ட். ஆறு சென்டுக்கு ஒரு பிள்ளையின் மதிப்பெண் அட்டை மேல் இடம் கிடைக்கிறது, அப்பா அம்மா இரண்டு பேரும் கட்டாயம் பார்க்கிற தாள். எந்த டிவி விளம்பரம் இந்த விலைக்குக் கிடைக்கும்? ஒரு தாய் எதிர்த்தார், பேச்சு பெரிதானது, 2008 ஜனவரியில் கம்பெனி விலகிக்கொண்டது.

அதற்குப் பத்து வருடம் முன்னால், கொலராடோ ஸ்பிரிங்ஸின் பள்ளி மாவட்டம் ஒன்று கோகோ-கோலாவோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டது. முழுத் தொகை கிடைக்க வேண்டுமென்றால் முதல் மூன்று வருடத்தில் ஏதாவது ஒரு வருடமாவது 70,000 பெட்டி பானம் விற்றாக வேண்டும். விற்பனை அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 1998-ல் மாவட்ட அதிகாரி ஒருவர் தலைமை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார்: பானம் விற்கும் இயந்திரங்களைப் பிள்ளைகள் நாள் முழுக்கப் போகக்கூடிய இடத்தில் வையுங்கள், வகுப்பிலேயே குடிக்க விடுவதைப் பற்றி யோசியுங்கள் என்று. கடிதத்தின் கீழே தன்னைக் 'கோக் ஆசாமி' என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டுக்கொண்டார். யாரும் அவருக்கு லஞ்சம் கொடுக்கவில்லை. பள்ளிக்குப் பணம் வேண்டும் என்ற நல்லெண்ணமே அவரைச் சோடா விற்பனையாளர் ஆக்கிவிட்டது. விற்பனையோடு கட்டிய எந்த ஒப்பந்தத்திலும் பள்ளி இப்படித்தான் மெல்ல மெல்லக் கடையின் பக்கம் போய் நிற்கும்.

உங்களிடம் வந்திருக்கும் திட்டத்துக்கு அங்கே பெயரே உண்டு, 'மெக்டீச்சர்ஸ் நைட்'. ஆசிரியர் கவுன்டருக்குப் பின்னால் நிற்பது, விற்பனையில் ஒரு பங்கு பள்ளிக்கு, அச்சு அசல் இதே. 2015-ல் அமெரிக்காவின் தேசியக் கல்விச் சங்கத்தோடு ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர் சங்கங்கள் இதை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்திட்டன. ஆசிரியர்களே சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைக்கு டீச்சர் சொல்வது வேதம். அந்த நம்பிக்கை டீச்சர் வருடக்கணக்கில் சேர்த்தது. கடை மூன்று மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பது அதைத்தான்.

சின்னம் என்ன செய்துவிடும், வெறும் படம்தானே என்று குழுவில் யாராவது சொன்னால், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக்காரர்கள் 2007-ல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்லுங்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 63 பேர். ஒரே உணவு இரண்டு பொட்டலம். ஒன்று மெக்டொனால்ட்ஸ் தாளில், இன்னொன்று சின்னம் இல்லாத தாளில். எது ருசி என்று கேட்டார்கள். பெரும்பாலும் சின்னம் உள்ளதே ருசி என்றன பிள்ளைகள். கேரட்டுக்குக்கூட. அந்தக் கடையில் கேரட் விற்பதே இல்லை அப்போது. ஐந்து வயதுக்குள் நாக்கையே ஒரு படம் ஏமாற்றுகிறது என்றால், நெட்பால் சட்டையில் ஒரு வருடம் முழுக்க இருக்கிற படம் சும்மா இருக்குமா?

உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே, பிள்ளைகள் கூடும் இடங்களில், பள்ளி உட்பட, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமான உணவுக்கு எந்த விளம்பரமும் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. சிலி 2016-ல் அதைச் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டு வந்துவிட்டது. நம் நாட்டில் சர்க்கரை பானங்களுக்கு 2018 ஏப்ரல் முதல் வரி இருக்கிறது, 100 மில்லியில் 4 கிராமுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும். பள்ளி வாசலில் இருக்கும் ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை முடிவு பெரும்பாலும் உங்களைப் போன்ற குழுக்களின் கையில்தான்.

நம் ஆட்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, வேண்டாவெறுப்பாகத்தான் எழுதுகிறேன். இந்த நாட்டில் நீரிழிவு இந்திய வம்சாவளியினரிடம்தான் மற்றவர்களைவிட அதிகம் என்று டாக்டர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சாட்ஸ்வர்த்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் மேசைக்கு எத்தனை பேர் இன்சுலின் என்று எண்ணினால் போதும். பர்கர் மட்டுமா காரணம்? ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் பன்னி சௌவுக்கும் குலாப் ஜாமுனுக்கும் பங்கில்லையா? இருக்கிறது. ஆனால் நம் சொந்தச் சமையலறையில் நாம் செய்யும் தப்பைப் பள்ளியின் முத்திரையோடு இன்னொருவர் வந்து பெருக்க வேண்டியதில்லை.

எல்லாக் கம்பெனிப் பணமும் ஒரே ரகம் என்றும் நான் சொல்லவில்லை. கே.எஃப்.சி. பெயரில் மினி கிரிக்கெட் நாடு முழுக்க நடக்கிறது, பல பிள்ளைகள் முதன்முதலில் மட்டையைப் பிடித்ததே அதில்தான். முன்பு அது பிஸ்கட் கம்பெனி பெயரில் இருந்தது. அதே கே.எஃப்.சி.யில் பில்லோடு 2 ரேண்ட் சேர்த்துக் கொடுத்தால் பசித்த பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போகிறது. சின்னம் அங்கேயும் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லைதான். ஆனாலும் அங்கே எந்த டீச்சரும் ஏப்ரன் போடுவதில்லை, எந்தப் பிள்ளையும் கோழி வாங்கினால்தான் பந்து வீசலாம் என்பதில்லை. உங்கள் முன்னால் இருக்கும் திட்டம் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது.

இங்கே சிலர் வரலாற்றை இழுப்பார்கள். "நம்ம பாட்டன்மார் யாரிடமும் கையேந்தாமல் பள்ளி கட்டினார்கள்" என்று. பாதி உண்மை. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அரசு உடனே பள்ளி கட்டித் தரவில்லை. பின்னால் சமூகம் ஒரு பவுண்ட் போட்டால் அரசு ஒரு பவுண்ட் போடும் என்ற கணக்கில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய எழுந்தன. 1929-ல் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்காகத் திறந்த சாஸ்திரி கல்லூரியும் சமூகம் திரட்டிய பணத்தில் வந்ததுதான். ஆனால் கையேந்தவே இல்லை என்பது சரியில்லை; கரும்புத் தோட்டக் கூலியின் சில்லறையும் வாங்கினார்கள், கடைக்காரர் முதலாளிகளின் பெரிய தொகையும் வாங்கினார்கள். கொடுத்தவர் பெயரைச் சலவைக்கல்லில் வெட்டிச் சுவரில் பதிப்பதும் உண்டு. கேட்டால் அதுவும் விளம்பரம்தான். ஆனால் அந்தக் கல்லைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அப்பாவை நச்சரித்ததில்லை.

சரி, பணத்துக்கு என்ன வழி என்று குழு கேட்கும். பதில் இல்லாமல் 'வேண்டாம்' மட்டும் சொன்னால் ஓட்டு விழாது. பள்ளி பொதுநல அமைப்பாகப் பதிவாகி, வருமான வரிச் சட்டத்தின் 18A அனுமதியும் இருந்தால், நன்கொடை கொடுப்பவருக்கு அவருடைய வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிவு கிடைக்கும். பல பள்ளிகள் இந்தத் தாள் வேலையைச் செய்வதே இல்லை. நாங்கள் செய்ய ஒரு வருடம் ஆனது. அதற்கப்புறம் பக்கத்து ஹார்டுவேர் கடை, கண் டாக்டர், ஒரு டைல்ஸ் கடை என்று சின்னச் சின்னதாக வந்தது. ஒருவரும் பிள்ளைகளின் பையைக் கேட்கவில்லை. 1997-லிருந்து இருக்கும் மைஸ்கூல் கார்டும் உண்டு. உல்வர்த்ஸ் போன்ற கடைகளில் பெற்றோர் எப்படியும் வாங்குகிற சாமானுக்கு அதைத் தேய்த்தால் நீங்கள் குறித்த பள்ளிக்கு ஒரு சிறு பங்கு போகும், கூடுதலாக எதுவும் வாங்க வேண்டாம். மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வாடகைக்கு விடுவது எங்கள் பள்ளிக்குக் கிடைத்த மிக நிதானமான வருமானம். தமிழ் டீச்சர் சம்பளம் கடைசியில் அதிலிருந்துதான் போனது. தமிழுக்குச் சோறு போட்டது சர்ச்சு வாடகை, நினைத்தால் சிரிப்பு வரும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பான விஷயம். கூட்டத்துக்குப் போகும் முன் உங்கள் பள்ளியின் டக் ஷாப்பை, அதாவது தின்பண்டக் கடையை, ஒரு இடைவேளையில் போய்ப் பாருங்கள். எங்கள் டக் ஷாப்பில் வாரத்தில் ஐந்து நாளும் போலோனி இறைச்சி வைத்த பன்னும், உதட்டைச் சிவப்பாக்கும் சிப்ஸ் பாக்கெட்டும், கலர் தண்ணியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நடத்துபவர் பள்ளிக்கு மாத வாடகை கொடுக்கிறார், அதனால் நிர்வாகக் குழு கண்ணை மூடிக்கொண்டது. டேர்முக்கு ஒரு பர்கர் மாலையை எதிர்த்துவிட்டு இதை விட்டுவிட்டால் உங்களைச் சுலபமாக மடக்கிவிடுவார்கள். நாங்கள் அடுத்த குத்தகையில் வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வேகவைத்த சோளம், பழம், பருப்பு ரொட்டி கட்டாயம் என்று எழுதினோம். முதல் மாதம் சோளம் விற்கவே இல்லை. மசாலா தூவ ஆரம்பித்ததும் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றன.

ஒருவேளை ஓட்டில் தோற்றுவிட்டால், ஒப்பந்தத்தையாவது திருத்தச் சொல்லுங்கள். ஆசிரியர் கவுன்டருக்குப் பின்னால் போகக் கூடாது. துண்டுச் சீட்டு பிள்ளைகள் கையில் போகக் கூடாது. அந்த மூன்று மணி நேரத்தின் மொத்த விற்பனைக்கும் பங்கு, முப்பது நாளுக்குள் பணம். ஸ்டிக்கர் கிடையவே கிடையாது. ஒரு தடவைக்கு மேல் என்றால் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைத்துத்தான் முடிவு. பொடி எழுத்தை நீங்களே சத்தமாக வாசியுங்கள்.

கூட்டத்துக்குக் கம்பெனி ஆளும் வருவார் என்றால் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதே தொகையை, சீட்டும் சின்னமும் ஏப்ரனும் இல்லாமல், நன்கொடையாகத் தருவீர்களா? 18A ரசீது தருகிறோம்." என் கடைசி வருடத்தில் அவர்கள் மறுபடி வந்தபோது நான் இதைக் கேட்டேன். அந்தப் பையன் நல்ல பையன், சிரித்துக்கொண்டே தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று என் நம்பரைக் குறித்துக்கொண்டு போனான். நம்பர் இன்னும் அதேதான். போன் வரவில்லை.